ஆழமான நிலக்கரிச் சுரங்கத்தில் பாறை வெடிப்பு: ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள்?

கேள்வி: ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் பாறை வெடிப்பு ஏற்படும் ஆபத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்? இத்தனை கருவிகள் இருந்தும் ஏன் முன்கூட்டியே எச்சரிக்க முடிவதில்லை? இந்தியாவில் இந்த ஆபத்து உண்டா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் வெடிக்கும் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எந்த நாளில், எந்த மணியில் என்று சொல்ல முடியாது. அதனால் மதிப்பீடு என்றால் தேதி குறிப்பது இல்லை. சுரங்கத்தின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆள் போகலாம், எவ்வளவு வேகமாகக் கரி எடுக்கலாம், எங்கே போகவே கூடாது என்று முடிவு செய்வதுதான். என் கருத்தில் அந்த முடிவில் பெரும்பகுதி கருவிகளால் வருவதில்லை. சுரங்கத்தின் வரைபடத்தைப் பார்த்தே வருகிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பலர் இதை மீத்தேன் வெடிப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே தீயும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. மேலே இருக்கும் மலையின் எடையால் அமுங்கிக் கிடக்கும் கரி, ஒரு நொடிக்குள் உடைந்து சுரங்கப் பாதைக்குள் பாய்வதுதான் பாறை வெடிப்பு. டன் கணக்கில் கரி வந்து விழும், தரை மேலே எழும்பும், இரும்புத் தாங்கிகள் முறுக்கிக்கொள்ளும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005 பிப்ரவரி 14 அன்று சீனாவின் ஃபூஷின் பகுதியில் உள்ள சுன்ஜியாவான் சுரங்கத்தில் முதலில் நடந்தது பாறை வெடிப்பு. அது கரிக்குள் அடைந்திருந்த வாயுவைத் திறந்துவிட்டது. அந்த வாயு தீப்பிடித்து வெடித்ததில் 214 பேர் இறந்தார்கள்.

அழுத்தத்தின் கணக்கு எளிது. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 0.025 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 800 மீட்டர் ஆழத்தில் அது 20 மெகாபாஸ்கல். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 200 கிலோ. சாதாரண நிலக்கரியின் அமுக்க வலிமையே 5 முதல் 30 மெகாபாஸ்கல் வரைதான். சுற்றிலும் கரி இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அது தாங்கும். பக்கத்தில் ஒரு பாதை வெட்டியதும் ஒரு பக்கப் பிடி போய்விடுகிறது. அதோடு, கரி எடுத்துவிட்டுக் கைவிட்ட பகுதியின் (சுரங்கத்தில் இதை கோஃப் என்பார்கள்) கூரைப் பாரமும் பக்கத்துக் கரியின் மேல் சாய்கிறது. அங்கே அழுத்தம் இரண்டு, மூன்று மடங்காவது சாதாரணம்.

அமுங்கிய கரியில் சேரும் ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அழுத்தம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 40 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், 2 கிகாபாஸ்கல் மீள்தன்மைக் குணகம் (அதாவது விறைப்பு) உள்ள ஒரு கன மீட்டர் கரியில் சுமார் 4 லட்சம் ஜூல் சேர்ந்திருக்கும். அந்தக் கன மீட்டரின் எடை ஏறக்குறைய 1.4 டன். அதை நேராக 30 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும். உண்மையில் பெரும்பகுதி கரியை நொறுக்குவதிலேயே செலவாகிவிடும். மிச்சம் இருப்பதே ஆளைக் கொல்லும்.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தக் கரிக்கு வெடிக்கும் குணம் உண்டா? இந்த இடத்தில் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் குவிகிறதா? இப்போது ஏதாவது மாறிக்கொண்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆய்வகம், இரண்டாவதுக்கு வரைபடம், மூன்றாவதுக்கு நிலத்தடிக் கண்காணிப்பு.

ஆய்வகத்தில் 5 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கரித்துண்டை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைப்பார்கள். பச்சைக் குச்சி வளைந்து நார் நாராகப் பிரியும், காய்ந்த குச்சி படாரென்று முறியும். கரியிலும் இந்த இரண்டு வகை உண்டு. சீனாவின் தேசியத் தரநிலை நான்கு அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது. உச்ச பாரத்தை எட்டியபின் முழுதாக உடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஒன்று: 500 மில்லி செகண்டுக்கு மேல் என்றால் வெடிக்கும் குணம் இல்லை, 50 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான குணம். அமுக்க வலிமை இன்னொன்று: 7 மெகாபாஸ்கலுக்குக் கீழே கவலை இல்லை, 14ஐத் தொட்டால் கவலை. மூன்றாவதில் துண்டை அதன் வலிமைக்குக் கிட்டத்தட்டக் கொண்டுபோய், உடையும் முன் பாரத்தை இறக்குவார்கள். திரும்பி வந்த ஆற்றலை, உள்ளேயே வீணான ஆற்றலால் வகுத்தால் வரும் எண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஆபத்தான கரி. 2க்குக் கீழே என்றால் இல்லை. இந்தச் சோதனை போலந்து நாட்டு ஆய்விலிருந்து வந்தது. அந்நாட்டு ஆய்வாளர் கிடிபின்ஸ்கி 1981இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. நான்காவது, உச்சத்துக்கு முன் சேர்ந்த ஆற்றலுக்கும் உச்சத்துக்குப் பின் உடைய வாங்கிக்கொண்ட ஆற்றலுக்கும் உள்ள விகிதம்.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆய்வகத்துக்கு வரும் துண்டு, வெட்டும்போதும் தூக்கும்போதும் நொறுங்காமல் தப்பிய துண்டு. பலவீனமான கரி வழியிலேயே உதிர்ந்துபோகும். அதனால் முடிவு ஒரு பக்கமாகச் சாயும். மறுபக்கம், ஆய்வகம் 'குணம் குறைவு' என்று சொன்ன கரியிலும் வெடிப்புகள் நடந்திருக்கின்றன, ஏனென்றால் வெடிப்பது கரி மட்டும் இல்லை. மேலே கனத்த மணற்கல் பலகை ஒன்று இருந்து அது முறிந்தால், அந்த அதிர்வே ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் கரியைத் தள்ளிவிடும். ஆக ஆய்வக எண்ணை வைத்து ஆபத்து உண்டு என்று சொல்லலாம். இல்லை என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குச் சீனச் சுரங்கங்களில் அதிகம் பயன்படுவது கூட்டுக் குறியீட்டு முறை. நிலவியல் காரணிகள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 400 மீட்டர் வரை ஆழத்துக்கு 0, 800 மீட்டரைத் தாண்டினால் 3. கனத்த கடினப் பாறை 100 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் 0, 20 மீட்டருக்குள் இருந்தால் 3. இப்படியே, இதே அடுக்கில் முன்பு வெடித்திருக்கிறதா, பிளவுகளும் மடிப்புகளும் கூடுதல் அழுத்தம் தருகின்றனவா, கூரைப் பாறையின் தடிமன், கரியின் வலிமை, மேலே மூன்றாவதாகச் சொன்ன ஆற்றல் விகிதம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆழம் 850 மீட்டர்: 3. மணற்கல் 15 மீட்டர் மேலே: 3. வலிமை 16 மெகாபாஸ்கல்: 2. ஆற்றல் விகிதம் 4: 2. முன்பு ஒரு முறை வெடித்திருக்கிறது: 1. மீதி இரண்டுக்கும் தலா 1. மொத்தம் 13, அதிகபட்சமான 21ஆல் வகுத்தால் 0.62. கால் வரை ஆபத்து இல்லை, அரை வரை லேசானது, முக்கால் வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனவே இது நடுத்தரம்.

அதோடு விடுவதில்லை. கரி எடுக்கும் முறைக்கு இன்னொரு பட்டியல் உண்டு: பக்கத்தில் கோஃப் எவ்வளவு தூரம், இடையில் எடுக்காமல் விட்ட கரித்தூணின் அகலம் என்ன, மேல் அடுக்கில் எடுக்காமல் விட்ட கரி தலைக்கு மேல் இருக்கிறதா, பிளவை நோக்கி முன்னேறுகிறோமா என்று போகும். அதில் 0.8 வந்தால் சராசரி போடக் கூடாது. இரண்டில் பெரியதுதான் கணக்கு. நிலவியல் நடுத்தரம் என்றாலும் அந்த முகப்பு (கரி வெட்டி எடுக்கும் இடம்) கடுமையான ஆபத்து வகைதான். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு விதி. பிடிக்காதது, ஒரு பட்டியலுக்குள் எல்லாக் காரணிக்கும் ஒரே எடை கொடுப்பது. இதனால் 0.49க்கும் 0.51க்கும் இடையே பேரம் நடக்கும். யாரோ ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தால் 'நடுத்தரம்' 'லேசானது' ஆகிவிடும், கூடுதல் செலவும் மிச்சமாகும். பாறைக்கு அந்தப் பேரம் தெரியாது.

வரைபடத்தைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த கிராண்டால் கேன்யன் சுரங்கத்தை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே இரு பக்கமும் லாங்வால் முறையில் (நீண்ட முகப்பு முழுவதையும் சீவிக்கொண்டே போவது) கரி முழுவதும் எடுத்தாகிவிட்டது. நடுவே பிரதான பாதைகளும் அவற்றைக் காக்க விட்ட அகலமான தடுப்புக் கரிச்சுவர்களும்தான் மிச்சம். மேலே 600 மீட்டருக்கு மேல் மலை. இரு பக்கக் கோஃபின் பாரமும் அந்தச் சுவர்களின் மேல்தான். அந்தச் சுவர்களுக்குள்ளேயே பாதை வெட்டி, தூண்களாகப் பிரித்து, பின்வாங்கிக்கொண்டே தூண்களை எடுப்பது என்று முடிவானது. 2007 மார்ச்சில் வடக்குச் சுவரில் ஒரு வெடிப்பு நடந்து, அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். பிறகு தெற்குச் சுவருக்குப் போய் அதே வேலையைத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 6 அதிகாலையில் தெற்குப் பகுதியின் தூண்கள் சில நொடிகளில் வரிசையாகச் சரிந்தன. ஆறு பேர் உள்ளே. நில அதிர்வு நிலையங்களில் 3.9 அளவு பதிவானது. இயற்கை நிலநடுக்கம் வந்துதான் சுரங்கம் விழுந்தது என்று சுரங்கத் தரப்பு சொன்னது. யூட்டா பல்கலைக்கழக நில அதிர்வு ஆய்வாளர்கள் அலைகளின் வடிவத்தைப் பார்த்து, சுரங்கம் விழுந்ததுதான் அந்த அதிர்வு என்று காட்டினார்கள். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அடைந்த பாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மீட்புக் குழுவின் மேல் பக்கச் சுவர் வெடித்து இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரின் உடல்கள் இன்றுவரை மலைக்குள்ளேதான்.

அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணை அறிக்கையில் என் கவனத்தைப் பிடித்தது கணினி மாதிரியைப் பற்றிய பகுதி. அந்த மாதிரியில், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தூணின் நடுப்பகுதி உடையவே உடையாது என்கிற மாதிரி மதிப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. கரியின் வலிமையும் அந்த வட்டாரத்துக்கு வழக்கமானதை விட அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. தூண் உடையாது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, தூண் உடையுமா என்று கணினியைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்? மார்ச்சில் நடந்த வெடிப்பு, மாதிரி தப்பு என்று பாறையே எழுதிக் கொடுத்த சீட்டு. அதற்குப் பிறகும் மாதிரியை நம்பியதுதான் அடிப்படைக் கோளாறு. ஒரு சுரங்கத்தில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு நடந்திருந்தால், அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு மாதிரி அதைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால் அந்த மாதிரியை வைத்து அடுத்த பகுதியைப் பற்றிப் பேசவே கூடாது.

இனி மூன்றாவது கேள்வி: இப்போது என்ன மாறுகிறது? இதற்குப் பழைய, மலிவான, இன்றும் பயன்படும் முறை துளைத்தூள் முறை. பாதையின் பக்கச் சுவரில் 42 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை போடுவார்கள். ஒவ்வொரு மீட்டர் துளைக்கும் வெளிவரும் தூளைப் பையில் பிடித்து, தராசில் நிறுத்து, சீட்டில் எழுத வேண்டும். அந்த அளவுத் துளையில் ஒரு மீட்டருக்கு நியாயமாக வர வேண்டிய கரி 1.8, 1.9 கிலோ. ஆனால் அழுத்தம் மிகுந்த இடத்துக்குள் துளை நுழைந்ததும், துளையின் சுவர் உள்ளே நொறுங்கி விழ ஆரம்பிக்கும். துளைக் கம்பி அதையும் சேர்த்து வெளியே தள்ளும். 2 கிலோ, 2.2 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 5 கிலோ ஆகும். கம்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் வராது; உள்ளே 'டொம்' 'டொம்' என்று சத்தம் கேட்கும். அனுபவமுள்ள துளைப்பவர் தராசைப் பார்ப்பதற்கு முன்பே கையால் அதை உணர்ந்துவிடுவார். அந்தச் சத்தத்தையும் சீட்டில் எழுதச் சொல்வது வெறும் சடங்கு இல்லை. எடையளவுக்கு இணையான சாட்சி அது.

எவ்வளவு தூள் என்பதைப் போலவே எத்தனையாவது மீட்டரில் என்பதும் முக்கியம். 3 மீட்டர் உயரமுள்ள அடுக்கு என்றால், முதல் 4.5 மீட்டருக்குள் வழக்கத்தை விட 1.5 மடங்கு வந்தாலே எச்சரிக்கை. அதற்கப்பால் 9 மீட்டர் வரை 2 முதல் 3 மடங்கு வந்தால் எச்சரிக்கை. அதையும் தாண்டினால் 4 மடங்கு வந்தால்தான் ஆபத்து. காரணம் எளிது: பாதையை ஒட்டிய கரி ஏற்கெனவே விரிசல் விட்டுத் தளர்ந்திருக்கும், அது ஒரு மெத்தை. அழுத்தத்தின் உச்சம் அந்த மெத்தைக்குப் பின்னால் ஆழத்தில் இருந்தால் வெடிப்பு வெளியே வருவது கடினம். உச்சம் சுவரை நெருங்கிவிட்டால் இடையில் தடுக்க எதுவும் இல்லை. இந்த முறையின் குறைகளும் தெரிந்தவைதான். ஈரத்தூள் எடை கூட்டிக் காட்டும். ஒரு துளை அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். மோசமான இடத்தில் துளை போடுவதே வெடிப்பைத் தூண்டிவிடலாம்.

அப்புறம் நுண்ணதிர்வுக் கண்காணிப்பு. சுரங்கம் முழுக்க உணரிகளைப் பொருத்தி, பாறை விரிசல் விடும் ஒவ்வொரு சத்தத்தின் இடத்தையும் ஆற்றலையும் கணக்கிடுவார்கள். போலந்தின் மேல் சைலீசியா வட்டாரம் இதில் முன்னோடி. கட்டோவிட்சேயில் உள்ள மத்திய சுரங்க ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறது. அங்கே 1 லட்சம் ஜூலும் அதற்கு மேலும் ஆற்றல் கொண்ட அதிர்வுகள் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் அல்லது அதற்கு மேல் பதிவாகின்றன. உண்மையான பாறை வெடிப்பாக மாறுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஏன் முன்கூட்டியே எச்சரிக்க முடிவதில்லை என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஆட்களை வெளியேற்றினால் சுரங்கமே நடக்காது; எதற்குமே வெளியேற்றாவிட்டால் அந்த ஒன்றில் மாட்டுவோம். 2018 மே 5 அன்று இதே வட்டாரத்தின் ஜோஃபியூவ்கா சுரங்கத்தில் ஒரு பலத்த அதிர்வில் ஐந்து பேர் இறந்தார்கள். அனுபவத்துக்கும் கருவிக்கும் அங்கே பஞ்சம் இல்லை.

அதிர்வு வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது எண்ணிக்கையை இல்லை. வேலையின் வேகத்தோடு அது பொருந்துகிறதா என்பதைத்தான். நேற்று 4 மீட்டர் முன்னேறினார்கள், அதிர்வு கூடியது என்றால் அது இயல்பு. வேலையே நடக்காத விடுமுறை நாளில் அதிர்வு கூடினால் கவனிக்க வேண்டும். சிறு அதிர்வுகள் குறைந்து பெரியவற்றின் பங்கு ஏறினால் இன்னும் கவனம். எல்லாவற்றையும் விடச் சங்கடமானது, சலசலத்துக்கொண்டிருந்த இடம் வேலை நடக்கும்போதே சட்டென்று அடங்குவது. பாறை ஓய்ந்துவிட்டது என்றும் படிக்கலாம், பிடித்துக்கொண்டு பாரத்தைச் சேர்க்கிறது என்றும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் நடந்திருப்பதால், துளைத்தூள், அழுத்த உணரி, பாதை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்ற அளவு என்று சுயேச்சையான இன்னொரு சாட்சி இல்லாமல் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. வெடிப்பு என்றால் கரி எடுக்கும் முகப்பில்தான் என்று நினைப்போம். சீனாவில் பெரும்பாலானவை நடப்பது பாதைகளில். 2018 அக்டோபர் 20 அன்று ஷாண்டோங் மாகாணத்தின் லோங்யுன் சுரங்கத்தில், 1000 மீட்டருக்கும் கீழே, 21 பேர் இறந்ததும் பாதை வெட்டும் பகுதியில்தான். ஆஸ்திரேலியாவின் ஆஸ்டார் சுரங்கத்தில் 2014 ஏப்ரல் 15 அன்று இருவர் இறந்ததும் புதிதாகப் பாதை வெட்டும்போது பக்கச் சுவர் வெடித்துத்தான். மதிப்பீட்டு அறிக்கையில் முகப்புக்கு இருபது பக்கமும் பாதைக்கு ஒரு பத்தியும் இருந்தால் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். கூரைக்குப் போல்ட் அடித்துவிட்டுத் தரையைச் சும்மா விடுகிற பழக்கமும் இதில் சேரும். தரை வழியாகத்தான் பல வெடிப்புகள் வருகின்றன.

இந்தியாவுக்கு வருவோம். நம் நிலக்கரியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிலத்தடிச் சுரங்கங்களிலும் பெரும்பாலானவை 400 மீட்டருக்கு உட்பட்டவை. ராணிகஞ்ச் பகுதியின் சினாகுரி போல 600 மீட்டரைத் தாண்டியவை மிகச் சில. ஆனால் ஆழம் குறைவு என்பதை மட்டும் வைத்து நிம்மதி கொள்ளக் கூடாது. நம் சுரங்கங்களில் போர்டு அண்ட் பில்லர் முறையில், அதாவது குறுக்கும் நெடுக்கும் பாதை வெட்டும்போது இடையில் விட்ட தூண்களைப் பிறகு எடுக்கிறார்கள். அந்த டிபில்லரிங் வேலையில், மேலே கனத்த மணற்கல் கூரை விழாமல் தொங்கிக்கொண்டிருந்தால், கிராண்டால் கேன்யனில் பார்த்த அதே பாரம் ஏற்றும் விதம் சிறிய அளவில் இங்கும் உருவாகும்.

பாறை வெடிப்பை நாம் அதிகம் பார்த்த இடம் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, கோலார் தங்கவயல். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை உள்ளே இறங்கியவர்களில் பெரும் பங்கு வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். வெடிப்பின் அதிர்வு மேலே குடியிருப்புகள் வரை தெரியும். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் அந்த ஊரிலேயே தொடங்கப்பட்டதற்கு இதுவும் காரணம். ஆனால் அங்கே கற்றதை அப்படியே நிலக்கரிக்குப் பொருத்த முடியாது. தங்கவயல் பாறையின் வலிமை நிலக்கரியை விடப் பல மடங்கு; மேலும் நிலக்கரி என்றால் கிடைமட்ட அடுக்கு, கனத்த கூரை, வாயு என்று வேறு கணக்கு.

கடைசியாக, இதைப் படிப்பாகவோ வேலையாகவோ எடுத்தவர் என்றால், ஒரு சுரங்கத்துக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது உணரிகளின் பட்டியலை இல்லை. எல்லா அடுக்குகளின் பழைய வேலைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட வரைபடத்தைக் கேளுங்கள். மேல் அடுக்கில் ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ விட்டுப்போன தூண், கீழே நீங்கள் வெட்டப்போகும் பாதைக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வேலை பாதையை நகர்த்துவது. நகர்த்த முடியாத இடத்தில்தான் பெரிய விட்டத் தளர்வுத் துளைகள், கரிக்குள் நீர் செலுத்துவது, கூரையை முன்கூட்டியே வெடித்துத் தளர்த்துவது எல்லாம் வரும். அப்படி ஒரு வரைபடமே இல்லை என்று பதில் வந்தால், அதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.